பெட்ரோலில் தூசி

குமுளியில் அப்போதிருந்த வாடகைக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் எது எங்கே படுத்துக்கொண்டாலும் ஆள் ஓடிவருவது சுருளிவேலைத் தேடித்தான். மற்ற டிரைவர்கள் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்கள். இந்த மனுஷன் உடனே திறக்கவே மாட்டான். பீடியைக் காதில் செருகிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். இஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றச் சொல்வான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், புகையை மோந்து பார்ப்பான். அப்புறம் வைத்தியன் நாடி பிடித்த மாதிரி, "இவளுக்குக் காத்து பத்தல" என்பான், இல்லாவிட்டால் "நெருப்பு நேரத்துக்கு விழல" என்பான். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தத் திமிரும் அவனுக்கு இருந்தது. இல்லாமலா இருக்கும்?

பிறந்தது மலைக்குக் கீழே, சுருளிப்பட்டியில். வயசுப் பிள்ளையாக இருந்தபோது மாட்டுவண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு மலையேறுவான், ஏலக்காய் ஏற்றிக்கொண்டு இறங்குவான். ஒருநாள் ஒரு துரையின் கார் சேற்றில் புதைந்துகிடக்க, தன் மாடுகளைப் பூட்டி இழுத்துவிட்டான். துரை காசு நீட்டினார். "காசு வேணாம், மூடியத் திறந்து உள்ளே என்ன இருக்குன்னு காட்டுங்க" என்றானாம் இவன். அன்றோடு மாட்டுவண்டி போயிற்று. துரையிடம் கிளீனராகச் சேர்ந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, ரேடியேட்டர் வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டு வேலை படித்தான். துரை சீமைக்குத் திரும்பியபோது, அந்தப் பழைய காரை ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரமூர்த்தி வாங்கி வாடகைக்கு விட்டார். காரோடு சுருளிவேலும் போனான். கான்வாஸ் கூரை போட்ட, ஹேண்டில் சுற்றிக் கிளப்பும் பழங்கால வண்டி அது. அவனுக்கோ அது பெண்டாட்டிக்குச் சமம்.

நிஜப் பெண்டாட்டி குருவம்மாளுக்கு இதில் கொஞ்சம் புகைச்சல். அவனுடைய அத்தை மகள் அவள், வாய்த்துடுக்குக்காரி. "எனக்கு வாச்ச சக்களத்தி பெட்ரோலுல்ல குடிக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் அந்த வருஷம் அவள் அந்தக் காரை ஏசவில்லை. கல்யாணமாகி எத்தனையோ கோயில் ஏறி இறங்கி, இனி இல்லை என்று சொந்தபந்தமே கைகழுவிய பிறகு, வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. நிறைமாசம். யாரைப் பார்த்தாலும் அவளுக்குப் பிரியமாகத்தான் இருந்தது, காரைப் பார்த்தாலும் கூட.

ஆயுத பூஜைக்கு சுருளிவேல் காரைக் குளிப்பாட்டினான். இஞ்சினைப் பெட்ரோல் துணியால் பளிச்சென்று துடைத்தான். பானெட்டுக்கும் விளக்குகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினான். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் மண் சரிந்து, கீழே போகும் போக்குவரத்தே நின்றுவிட்டது என்று எல்லைச் சுங்கச்சாவடிச் சவுக்கைக்காரர்கள் சொன்னார்கள்.

மறுநாள் விடியலில் குருவம்மாளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பிலோமி வந்தாள். குமுளியில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவைதான். உள்ளே போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. உச்சிப்பொழுதுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முகம் சரியாக இல்லை.

"சுருளி, பிள்ளை குறுக்கே கெடக்கு. என் கையில ஒதுங்காது. டாக்டர் கத்தி வெச்சாத்தான் உண்டு. பீருமேட்டுக்குக் கொண்டு போ. இப்பவே."

பீருமேட்டு ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் டாக்டர் இருந்தார். கீழே இறங்க வழியில்லை, மேலே ஏறியே ஆகவேண்டும். சுருளிவேல் கலங்கவில்லை. கலங்குவதற்கு என்ன இருக்கிறது? கார் இருக்கிறது, ஓட்ட அவன் இருக்கிறான். குருவம்மாளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பிலோமி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். குருவம்மாளின் தம்பி அழகுமலை, ஏலக்காய் உலர்த்தும் வேலைக்காரன், ஹேண்டிலைச் சுற்றிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது.

"பாத்தியா மாப்ள, நம்ம ஆத்தா கைவிட மாட்டா" என்றான் சுருளிவேல்.

ஊர் எல்லை தாண்டி மூடுபனிக்குள் நுழைந்து, முதல் ஏற்றத்தில் ஏறும்போது வண்டி இருமியது. அப்புறம் விக்கியது. குலுங்கிக் குலுங்கி, நடுரோட்டில் நின்றேவிட்டது.

சுருளிவேல் குதித்து இறங்கினான். ஒரு வண்டி ஓடவேண்டுமானால் அதற்குக் காற்று வேண்டும், பெட்ரோல் வேண்டும், நெருப்பு வேண்டும், இதில் எது பட்டினி கிடக்கிறதென்று கண்டால் போதும் என்பது அவன் பாடம். நெருப்பை முதலில் பார்த்தான். பொறி உண்டாக்கும் மேக்னட்டோவிலிருந்து கம்பி வந்து, பிளக் என்னும் வெள்ளைப் பீங்கான் குமிழின் தலையில் சேரும். அதன் அடிநுனியில் பொறி பறந்தால்தான் உள்ளே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். ஒரு பிளக்கைக் கழற்றி, கம்பியோடு இஞ்சின் மேலேயே சாய்த்துவைத்து, "சுத்து மாப்ள!" என்றான். அழகுமலை ஹேண்டிலைச் சுற்ற, பிளக் நுனியில் சட்சட்டென்று நீலப்பொறி பறந்தது.

"நெருப்பு ஜோரா இருக்கு. பெட்ரோல்தான் மக்கர்" என்று முடிவுகட்டினான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் சின்ன ஓட்டையில் வாயை வைத்து ஊதினான். நாக்கெல்லாம் பெட்ரோல் எரிந்தது. பின்சீட்டில் குருவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. மாட்டித் திருகிவிட்டுச் சுற்றச் சொன்னான், வண்டி கிளம்பியது.

"நான் சொல்லல?" என்றான். அவனையறியாமல் சிரிப்புக்கூட வந்தது. பாவி, அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அப்புறம் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டானோ!

பனி விலகியிருந்த இடமெல்லாம் வண்டி ஓடியது. வண்டிப்பெரியாறு பாலத்துக்கு முன்னால் மறுபடி பனி இறங்கியது, மறுபடி வண்டி இருமியது, நின்றது. இந்த முறை அவன் பெட்ரோல் குழாயையே பிரித்தான். உள்ளங்கையில் பெட்ரோலைப் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று உருட்டி உருட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. சுத்தமான பெட்ரோல். அப்படியானால் எதற்கு நிற்கிறது சனியன்?

எஸ்டேட் ஆட்கள் சிலர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த வழியே வந்தார்கள். அவர்களில் பெரியவரான சின்னமுத்து எட்டிப் பார்த்தார். நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, கம்பளியில தூளி கட்டிரலாம். ஆள் மாத்தி ஆள் தோள் குடுத்து ஏத்திப்புடுவோம். குறுக்குப்பாதை எங்களுக்கு அத்துபடி. என்ன சொல்ற?"

அழகுமலை சுருளிவேலின் கையைப் பிடித்தான். "மச்சான், குடுத்துருவோம். வண்டிய நம்ப வேணாம்."

"தூளியிலயா? மழையில, வழுக்குற பாதையில, இந்த நெலமையில அவளையா?" என்று சீறினான் சுருளிவேல். "எனக்குத் தெரியாத வண்டியா இது? இந்தா, இப்ப கெளம்பிரும் பாரு."

அவன் நாக்கில் சனி உட்கார்ந்திருந்ததோ என்னவோ, குழாயை மாட்டிச் சுற்றினால் உண்மையிலேயே கிளம்பிவிட்டது! சின்னமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா போய்ட்டு வாங்க" என்று விலகிக்கொண்டார். தூளிக்காரர்கள் பனிக்குள் நடந்து மறைந்தார்கள்.

பாலம் தாண்டிப் பீருமேட்டு ஏற்றம் தொடங்கியது. ஒருபக்கம் தேயிலை, ஒருபக்கம் பள்ளம். மழைச்சாரல் பானெட்டின் பக்கத்துப் பிளவுகளில் அடித்தது. பொழுது மங்கிக்கொண்டு வந்தது. "ஏறிடு தாயி, ஏறிடு" என்று ஸ்டியரிங்கைத் தடவித் தடவி ஓட்டினான். முக்கால்வாசி ஏற்றம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான். ஒரு வளைவில் திரும்பும்போது, பேச்சுமூச்சில்லாமல் நின்றது.

ஹேண்டிலைச் சுற்றினார்கள். சுற்றினார்கள். ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினான், ஊதினான், மாட்டினான். குழாயைப் பிரித்தான். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்த்தான். மகராசி போல் நீலமாகப் பறந்தது அது. மறுபடி மாட்டினால், சவம்! திருகாணி ஒன்று கைநழுவிச் சேற்றில் விழ, மண்டியிட்டுத் துழாவி எடுத்தான். இத்தனை வருஷமாக ஊர் வண்டிக்கெல்லாம் நாடி பார்த்தவனுக்குத் தன் வண்டியின் சீக்கு தெரியவில்லை. பானெட்டில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். "ஏண்டி, உன்னையத் தெய்வமாட்டம் கும்பிட்டேனேடி! இன்னிக்கா கழுத்தறுக்கணும்?" என்று கத்தினான்.

மேலும் கீழும் ஓர் ஆள் இல்லை. மண்சரிவால் வண்டிகளும் இல்லை. அதைவிட மோசம், பின்சீட்டில் சத்தம் நின்றுபோயிருந்தது.

"பிலோமியக்கா?"

"உயிர் இருக்கு. பேசாதே, வேலையப் பாரு" என்றாள் பிலோமி. பிறகு தனக்குள்ளே, "என்டெ மாதாவே" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவள் அப்படி முணுமுணுத்தால் என்ன அர்த்தம் என்று குமுளிக்கே தெரியும்.

அழகுமலை அழுதுகொண்டே ஹேண்டிலைச் சுற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல், கையைப் பிசைந்துகொண்டு, சுருளிவேல் திறந்த பானெட்டுக்குள் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான். இருட்டிவிட்டிருந்ததால்தான் அது அவன் கண்ணில் பட்டது. வெளிச்சத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிளக்கின் நுனி இஞ்சினுக்குள் இருக்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பீங்கான் மேலே ஒரு நீலப்புழு நெளிந்து ஓடியது. அடுத்த பிளக்கிலும் ஓடியது. உள்ளே விழவேண்டிய பொறி, உள்ளே போகாமல், பீங்கானின் மேல்பக்கமாகவே வழிந்து இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது!

"நிறுத்து! சுத்தாத!" என்று அலறிவிட்டுப் பீங்கானைத் தொட்டான். ஈரமாக, நெறுநெறுவென்று விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனான். கோயில் வாசம் வந்தது. திருநீறு.

தீக்குச்சியைக் கிழித்துக் குனிந்து பார்த்தான். வெள்ளைப் பீங்கான் மேல் வெள்ளைத் திருநீறு. ஒவ்வொரு பிளக்கின் கழுத்திலும் பட்டை பட்டையாக, குழைத்துப் பூசியிருந்தது. மேக்னட்டோவின் முகத்திலும் அப்படியே. பூஜைக்கு அவன் துடைத்தபோது இல்லாதது. மெல்லிய விரல்கள் பூசியது. சுருளிமலை வேலப்பர் கோயில் திருநீறு, குருவம்மாளின் முந்தானை முடிச்சில் எப்போதும் இருப்பது.

அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஊரே தூங்கப் போனபின் பெரிய வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, இந்த மூடியைத் தூக்கியிருக்கிறாள். வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, உள்ளே இருப்பதும் சாமிதானே, நாளைக்கு என்னைச் சுமக்கப்போவது இதுதானே என்று, ஒன்றுவிடாமல் பூசியிருக்கிறாள். காய்ந்திருக்கும்வரை அந்தச் சாம்பலால் ஒரு கெடுதியும் இல்லை. பனி பட்டு ஊறியதும் அது பொறிக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது. வண்டி நின்று அவன் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இஞ்சின் சூட்டில் அது காய்ந்தது, அதனால்தான் கிளம்பியது. இந்த ஏற்றத்தில் சாரல் அடித்துக்கொண்டே இருந்ததால் காயவே இல்லை. அவன் ஊதியதாலும் இல்லை, உருட்டிப் பார்த்ததாலும் இல்லை. வெளியே கழற்றிப் பார்த்தபோது ஏமாற்றிய பொறி, உள்ளே அழுத்தத்துக்கு எதிராகப் பாய மாட்டாமல் சுலபமான ஈரவழியில் ஓடியிருக்கிறது. தூளிக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரிக்கே போயிருப்பாள். ஐயோ, தூளிக்குக் கொடுத்திருந்தால்!

வேட்டி நுனியைக் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, அழுது அழுது துடைத்தான். சாமி கும்பிடுகிறவன் திருநீற்றை இப்படித் துடைத்தெறிவானா என்று கேட்டால், அன்றைக்கு அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. பிலோமி சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். துணியில் வெள்ளையாக ஒட்டியதைப் பார்த்தாள். மடியில் கிடப்பவளின் முந்தானை முடிச்சையும் பார்த்தாள்.

"சுருளி, இது..."

"வாயத் தொறக்காதீங்கக்கா" என்றான். "உங்க மாதா மேல ஆணை."

முன்னால் ஹேண்டிலோடு நின்ற அழகுமலைக்கு இது எதுவும் தெரியாது. "என்ன மச்சான்?" என்று கேட்டான். "தூசிடா. சுத்து" என்றான் சுருளிவேல். வண்டி ஒரே சுற்றில் கிளம்பி, புத்தம்புது வண்டிபோல் ஏற்றத்தில் பாய்ந்தது. அவ்வளவு நன்றாக அது என்றைக்கும் ஓடியதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தாயைக் காப்பாற்றிவிட்டார். பிள்ளையை வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆண்பிள்ளை. அப்பனைப் போலவே அகன்ற நெற்றி. "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே" என்று டாக்டர் வருத்தமாகத்தான் சொன்னார், குற்றமாகச் சொல்லவில்லை. இனி அவளுக்குப் பிள்ளை தங்காது என்பதையும் அவரே சொன்னார். சுருளிவேலும் அழகுமலையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மழை ஊறிய மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

குருவம்மாளுக்கு நினைவு திரும்பி, பேசும் தெம்பு வந்தபோது சுருளிவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிலோமி கால்மாட்டில் நின்றாள். பிள்ளையைப் பற்றி அவளிடம் சொல்லியாகிவிட்டது. அவள் அழக்கூட இல்லை, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, வண்டி ஏன் நின்னுச்சு?"

அவன் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

"உங்ககிட்ட சொல்லல. நீங்க திட்டுவீங்கன்னு. பூசை ராத்திரி மூடியத் தொறந்து உள்ளயும் வேலப்பர் திருநீறு பூசிவிட்டேன். ஒண்ணு விடாம பூசினேன். எம்புள்ளைய நல்லபடியா கொண்டுபோய் விடுன்னு சொல்லிப் பூசினேன். அப்படியுமா நிக்கணும்? என்ன குத்தம் செஞ்சேன் மாமா? ஏன் நின்னுச்சு?"

பிலோமி தலையைக் குனிந்துகொண்டாள். எந்த வண்டியிலும் எந்தக் கோளாறையும் ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகிய மனுஷன் சுருளிவேல்.

"பெட்ரோல்ல தூசி" என்றான். "ஊத்தும்போது வடிகட்டாம விட்டுட்டேன். எம்மேலதான் தப்பு."

குருவம்மாள் அவனைப் பார்த்தாள். "துணி வெச்சு வடிகட்டி ஊத்தக் கூடாதா?" என்றாள். "ஒரு கந்தத்துணி இல்லாமப் போச்சா நம்ம வீட்டுல?" சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை, ஊரெல்லாம் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் சொன்னாள், கிணற்றடியிலும் சொன்னாள். பெட்ரோலை வடிகட்டத் தெரியாமல் பெற்ற பிள்ளையைக் கொன்றவன் என்று குமுளியில் சுருளிவேலுக்குப் பெயர் ஆயிற்று. டிரைவர்கள் வண்டி படுத்தால் அவனைத் தேடி வருவது நின்றது. "தன் வண்டி சீக்கு தெரியாதவன் நம்ம வண்டிக்கு என்னத்தச் சொல்லப்போறான்" என்று காதுபடவே பேசினார்கள். ஒரு தடவை அழகுமலையே குடித்துவிட்டு வந்து சட்டையைப் பிடித்தான். சுருளிவேல் அவன் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. பிலோமி மட்டும் பொறுக்கமாட்டாமல், "நான் ஒரு வார்த்தை சொல்லட்டா? எத்தனை காலம் இப்படி?" என்று கேட்டாள்.

"சொன்னீங்கன்னா அவ அன்னிக்கே செத்துருவா அக்கா" என்றான். "எனக்கு இது பழகிப்போச்சு."

ஈஸ்வரமூர்த்தி வண்டியை அவனிடமிருந்து எடுக்கவில்லை, அவ்வளவு தயவு அவருக்கு இருந்தது. பெட்ரோல் தகரம் வந்து இறங்கும் நாளில் குருவம்மாள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். அவனை ஊற்றவிட மாட்டாள். தன் பழஞ்சேலையை நாலாக மடித்துப் புனலின் வாயில் தானே கட்டி, தகரத்தைத் தானே சாய்த்து, ஒரு துரும்பு போகாமல் கண்கொட்டாமல் பார்த்துப் பார்த்து ஊற்றுவாள். தலைநரைத்த பிறகும் அப்படித்தான் செய்தாள். புனல் ஆடாமல் அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பான். ஊற்றி முடித்ததும் துணியை வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பாள். அதில் என்றைக்கும் ஒன்றும் இருந்ததில்லை. "இன்னிக்குச் சுத்தமா இருக்கு, போங்க" என்பாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுப்பான்.